பையில் இருந்த மூன்று பீஸ் கட்டைகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்து மேற்கே மலையடிவாரம் வரைக்கும் நாலாயிரம் போர்க் கிணறு இருக்கிறதென்றால், நாலாயிரமும் பிரவின்குமாரின் தலைக்குள் இருந்தது. எந்தப் போர் எத்தனை அடி, உள்ளே எத்தனை பைப் இறங்கியிருக்கிறது, மோட்டார் எத்தனை ஹெச்பி, அதைக் கடைசியாக மேலே தூக்கிய அன்று தோட்டத்துக்காரர் வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் சொல்வான். போருக்கே தன் ஆழம் மறந்துபோனால் அவனிடம் வந்துதான் கேட்டுக்கொண்டு போகும்.

சரி, நாலாயிரம் என்பது நான் கொஞ்சம் தாராளமாக அள்ளிப் போட்டது. நானூறு. அந்த நானூறிலும் குழம்பு விஷயம் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குத்தான் பொருந்தும். ஆனால் நானூறு போர் ஒருத்தன் தலைக்குள் எழுதாமல் கொள்ளாமல் கிடந்தது என்பதில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது.

பிரவின்குமாருக்கு இருபத்தொன்பது வயசு. மேட்டுப்பாளையம் ரோட்டில் செங்கோட்டையன் வைத்திருக்கும் போர் மோட்டார் கடையில் பிட்டர் வேலை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டாரை இறக்க வேண்டும், கெட்டுப்போனால் தூக்க வேண்டும், கேபிளுக்கு ஜாயிண்ட் போட வேண்டும். கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் மேல் செங்கோட்டையன் துண்டைக் காயப் போட்டிருப்பார். யாராவது போன் செய்து, "நம்ம பள்ளக்காட்டுப் போருல எத்தன பைப்புங்க?" என்று கேட்டால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே மாட்டார். "ஏ பிரவீனு!" என்று ஒரு குரல். "இருபத்தாறுங்ணா. அஞ்சு ஹெச்பி. கீழ ரெண்டு பைப்பு புதுசு" என்று பதில் வந்து விழும்.

அவன் அப்பா காளிச்சாமி அதே தோப்புகளில் தண்ணீர் பாய்ச்சியவர். மோட்டார் ரூமுக்கு வெளியே நின்று, சுவிட்சைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தவரே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை. மகனுக்கு அந்த ரூம் சாவி எந்த ஓட்டு இடுக்கில் இருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். அப்பாவை வாடா போடா என்று கூப்பிட்ட பெரியவர்கள் மகனை, "வாங்க தம்பி, நம்ம போரு எத்தன அடி?" என்று கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறக்கும் வரை காத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு நொடிக் காத்திருப்பு பிரவினுக்கு அவ்வளவு பிடிக்கும். வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்வான்.

பீளமேட்டில் டிப்ளமோ படித்த காலத்தில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தார்கள். கஞ்சா அங்கே வந்தது. பதினெட்டு வயசு. முதலில் பரீட்சை முடிந்த சனிக்கிழமைகளில். அப்புறம் பரீட்சையே இல்லாத சனிக்கிழமைகளில். வேலைக்கு வந்த பிறகு, பொழுதோடு வீடு திரும்பும் வழியில் தண்டவாளத்து ஓரம். பைப் தூக்கித் தூக்கி விட்டுப்போன இடுப்புக்கு அது இதமாக இருந்ததால் மருந்து என்று பேர் வைத்துக்கொண்டான். இருபத்தேழு வயசில் காலையில் பல் துலக்கிய கையோடு ஒன்று. அது இல்லாவிட்டால் தலை ஓடாது என்று உறுதியாக நம்பினான்.

தலை அப்போதே தடுமாற ஆரம்பித்திருந்தது. பேசிக்கொண்டே இருப்பான், வாக்கியத்தின் வால் அறுந்து எங்கோ விழுந்துவிடும். பைப்புக்குப் புஷ் வாங்கக் கடைக்குப் போய் டேப் வாங்கிக்கொண்டு வருவான். பழைய போர்கள் அப்படியே இருந்தன, ஐந்து வருஷத்துக்கு முந்தையதைக் கேட்டால் அடி பிசகாமல் சொல்வான். போன மாசம் இறக்கியதுதான் தலையில் நிற்கவில்லை. செங்கோட்டையன் குரல் கொடுக்கும்போது உள்ளே கையை விட்டுத் துழாவுவான், வெறும் இருட்டு. ஆனால் பதிலுக்காக எதிரில் ஒருத்தர் காத்திருக்கிறார் அல்லவா? வாயில் வந்த எண்ணை, அதே மிடுக்கோடு, அதே தாமதத்தோடு சொல்லிவிடுவான். இருபத்தாறு பைப் இருந்த போரில் இருபத்து மூன்று என்றான் ஒருமுறை. மோட்டார் மேலேயே தொங்கி, தண்ணீர் எட்டாமல் கருகிப்போனது. "தண்ணி கீழ எறங்கிப்போச்சுங்க" என்றான். நிலத்தடி நீர் மேல் பழியைப் போட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம் மறுத்துப் பேச ஆள் கிடையாது. அன்றைக்கு அவன் ஒன்று கற்றுக்கொண்டான்: ஓட்டையை எதை வைத்து அடைத்தாலும் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

தட்டிப் பார்த்தவர் ஒருத்தர் உண்டு. அவர் திருமூர்த்தி. பிரவினோடு ஒன்பது வருஷமாக ஜோடி சேர்ந்து வேலை செய்கிறவர். நாற்பத்தொரு வயசு, முருக பக்தர், வாயைத் திறந்தால் நக்கல்.

"ஏங்கண்ணு, மண்டைக்குள்ள ஒரு பேஸ் கரண்டு போயிருச்சாட்டத் தெரியுது?"

"அதெல்லாம் இல்லீங்ணா. தூக்கங் கம்மி."

"தூக்கங் கம்மின்னா ஆளு எரிஞ்சு விழுவான். நீ எந்நேரமும் செவந்த கண்ண வெச்சுட்டுச் சிரிக்கற. அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது சாமி. விட்டுப்போடு."

"விட்டர்றேனுங்ணா."

"போன கிருத்திகைக்கும் இதையேதான் சொன்ன."

போன கிருத்திகை பிரவினின் தலையில் இல்லை. இருந்தாலும், "ஆமாங்ணா" என்றான்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. சுவிட்சுப் பெட்டியில் மூன்று பீஸ் கட்டை இருக்கும். வெள்ளைப் பீங்கானில், உள்ளங்கை அளவு. மூன்றையும் பிடுங்கிவிட்டால் பெட்டிக்கு அந்தப் பக்கம் கரண்ட் போகாது. மோட்டார் ரூம் ஒரு மூலையில் இருக்கும், போர் இன்னொரு மூலையில் இருக்கும். ரூமில் பிடுங்கி வைத்தால் நடுவில் யாராவது வந்து மாட்டிவிடலாம். ஆகவே பிடுங்கியவன் மூன்றையும் கொண்டுவந்து, போரடியில் கம்பியைத் தொடப் போகிறவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலை. "கட்டை யார்ற பையில இருக்குதோ அவந்தான் கம்பியத் தொடோணும்" என்பார் திருமூர்த்தி. புது ஆள் எவன் வந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லி மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைப்பார். மற்றதில் எல்லாம் சிரிக்கிற மனுஷன் இதில் மட்டும் சிரிக்க மாட்டார்.

வைகாசி மாசத்துக் கிருத்திகை அன்று இரண்டு பேரும் சுள்ளிமேட்டுத் தோட்டத்தில் இருந்தார்கள். முந்தின நாளே மோட்டாரை இறக்கியாகிவிட்டது. காலையில் ஓட்டிப் பார்த்து, மோட்டார் தூக்கும் ஸ்டாண்டையும் உதவிக்கு வந்த ஆட்களையும் வேனில் ஏற்றி அடுத்த தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மோட்டார் ஓடியது, ஆனால் போருக்கு மேலே இருந்த கேபிள் ஜாயிண்ட் கை வைக்க முடியாமல் சூடானது. ஜாயிண்ட்டைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

"இதும் நல்லதுக்குத்தான்" என்றார் திருமூர்த்தி. "கட்டையப் புடுங்கிட்டு வா கண்ணு. ஆட்டோ போட்டிருக்குது, ஆமா."

ஆட்டோ என்பது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கருவி. போன கரண்ட் திரும்பி வந்தால் தோட்டத்துக்காரர் எழுந்து வர வேண்டியதில்லை, அதுவே மோட்டாரைப் போட்டுவிடும்.

வேலை தொடங்குவதற்கு முன்பு அந்த மோட்டார் ரூமின் பின்பக்கம்தான் பிரவின் அன்றைய இரண்டாவது கஞ்சாவை முடித்திருந்தான். இப்போது அறுபதடி நடந்தான். இது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. கதவுக் கொண்டி வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது, ஞாபகம் இருக்கிறது. பெட்டிக்கு மேலே குளவி கூடு கட்டியிருந்தது, அதுவும் இருக்கிறது. போன் அடித்தது. செங்கோட்டையன். "அந்த மொடக்குத் தோட்டத்துல எத்தன பைப்பு?" என்றார். "இருபத்திரண்டுங்ணா" என்றான்.

அதோடு சரி. அதற்கப்புறம் அவன் தலையில் இருப்பது, திருமூர்த்தி மல்லாந்து கிடந்ததும், அவருடைய வலது குதிகால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நின்றதும், கரண்ட் திரும்பி வந்து கீழே மோட்டார் உறுமிக்கொண்டிருந்ததும்தான்.

மோட்டார் ரூமுக்கு ஓடினான். பெட்டியைத் திறந்தான். மூன்று கட்டையும் பெட்டியிலேயே இருந்தன.

பிடுங்கி எறிந்துவிட்டு வந்து நெஞ்சை அமுக்கினான், வாயில் வாய் வைத்து ஊதினான். செங்கோட்டையன் பேசி முடித்தது பதினொன்று பன்னிரண்டுக்கு என்றும், இவன் அலறிக்கொண்டு திரும்ப அழைத்தது பதினொன்று பத்தொன்பதுக்கு என்றும் போன் பிறகு காட்டியது. நடுவில் ஏழு நிமிஷம்.

வேன் வந்து திருமூர்த்தியைத் தூக்கியபோது அவர் சட்டைப் பையில் இருந்து மூன்று பீஸ் கட்டைகள் மண்ணில் விழுந்தன. ஒன்றின் மூலை உடைந்திருந்தது, மற்ற இரண்டிலும் கரி. மற்றவர்கள் கண்ணுக்கு அது படவில்லை. பிரவினுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. முந்தின நாள் ஒரு கோழிப்பண்ணையில் வெடித்துப்போன பழைய கட்டைகளைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். பழசைக் குப்பையில் போடலாம் என்று தன் பேண்ட் பையில் போட்டுக்கொண்டவன் பிரவின். குப்பையில் போட மறந்தவனும் அவன்தான்.

திருமூர்த்தி கையை நீட்டியிருப்பார். இவன் பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட மூன்றையும் எடுத்துக் கொடுத்திருப்பான். ஒன்பது வருஷமாகப் பார்க்காமல் வாங்கிப் பழகிய கை, பார்க்காமல் வாங்கிப் பைக்குள் போட்டிருக்கும்.

பிரவின் குனிந்து மூன்றையும் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ரூமுக்குள் போன் பேசிக்கொண்டிருந்தேன், கட்டையை இன்னும் பிடுங்கவில்லை, வெளியே நடந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னான். விபத்து என்று முடிந்தது. மயானத்தில் செங்கோட்டையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கட்டை கட்டைன்னு ஊருக்கே பாடம் நடத்துன மனுசன், அதை வாங்காமயே கைய வெச்சுப்போட்டானே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சு கடைக்குக் கடை போனது. பதினைந்து நாளில் ரோடு நெடுக மோட்டார்க் கடைகளில் திருமூர்த்தி என்றால், அஜாக்கிரதையில் செத்துப்போனவர் என்றாகிவிட்டது.

திருமூர்த்தியின் மனைவி வெங்கடலட்சுமி ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குள் காயில் என்கிற கம்பிச் சுருளைச் செருகும் வேலை செய்கிறவள். கட்டை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே மகள் இனியா, ஆறாம் வகுப்பு.

மயானத்துக்குப் போனவர்கள் திரும்பிய அன்று வெங்கடலட்சுமி பிரவினைச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"தம்பி, கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். அவரு கட்டை கேட்டாருங்களா?"

"நான் ரூமுக்குள்ள இருந்தேனுங்க்கா. பாக்கல."

"கேக்காம இருக்க மாட்டாருங்களே. என்னயும் பாப்பாளையும் நெனச்சிருந்தா கேக்காம இருப்பாரா?" அப்புறம், "கடைசியா என்ன பேசினாரு?" என்றாள்.

எதிரில் ஒருத்தர் பதிலுக்காகக் காத்திருந்தார். பிரவின் உள்ளே துழாவினான். குளவிக் கூடு இருந்தது, இருபத்திரண்டு பைப் இருந்தது. அதைத் தாண்டி இருட்டு.

"பாப்பாளுக்கு சைக்கிள் வாங்கோணும்னு சொல்லிட்டிருந்தாருங்க்கா" என்றான்.

வெங்கடலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த அழுகையில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது போல அவனுக்குத் தோன்றியது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அதே கேள்வி. சைக்கிள் என்று சொன்னது அவன் தலையில் நிற்கவில்லை. பழனிக்குக் குடும்பத்தோடு போக வேண்டும் என்று பேசியதாகச் சொன்னான். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் இனியாவுக்கு நோட்டுகள் வாங்கிக்கொண்டு போனான். அன்று, திருமூர்த்தி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார் என்றான். பொய் சொல்கிறவனுக்கு நல்ல ஞாபகம் வேண்டும். அவனிடம் அதுதான் இல்லை. வீட்டுக்குப் போய்ப் புகைத்தான், முன்பைவிட அதிகமாக. அந்த மூன்று கட்டைகளும் அவன் துணிப்பெட்டியின் அடியில் ஒரு பழைய பனியனுக்குள் கிடந்தன.

ஆவணியில் மறுபடி போனான். வெங்கடலட்சுமி கம்பெனியில் இருந்து அப்போதுதான் வந்து, காபி போட்டுக் கொடுத்தாள். விரலெல்லாம் காயில் கம்பி கிழித்த கோடுகள். இனியா தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே அவனாக ஆரம்பித்தான்.

"உங்க தக்காளி சோத்தத்தானுங்க்கா பேசிட்டே இருந்தாரு. சோத்துப் போக்கினியத் தொறந்து ரெண்டு வாய் தின்னுபோட்டு, இந்தக் கைக்கு வளையல் போடோணும்டான்னு சொன்னாரு."

இனியா கணக்கில் இருந்து தலையைத் தூக்கினாள். "அன்னைக்குக் கிருத்திகைங்க மாமா. அப்பா தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு. போக்கினி எடுத்துட்டே போகல."



"நீ சும்மா இரு அம்மணி" என்றாள் வெங்கடலட்சுமி. பிறகு அவனைப் பார்க்காமல், "பரவால்லீங்க தம்பி. நீங்க சொல்லுங்க" என்றாள்.

அந்தச் 'சொல்லுங்க'தான் அவனை உடைத்தது. அவள் நம்பவில்லை. எப்போதிலிருந்து நம்பவில்லையோ. நம்பாமலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், வேறு எதுவும் கையில் இல்லாததால். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். மனநல டாக்டர் ஹுமேரா என்று பெயர்ப் பலகை இருந்தது. ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுப் பேசுகிற பெண். எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வயசில் ஆரம்பித்தது என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அஞ்சு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லுங்க. சாவி, எருமை, மழை, கண்ணாடி, வெல்லம்" என்றார்.

ஐந்து நிமிஷம் வேறு ஏதோ பேசினார்கள். பிறகு கேட்டார்.

"எருமை. மழை." பிரவின் ஒரு நொடி தாமதித்தான், பழைய மிடுக்கோடு. "குடை."

"குடை நான் சொல்லவே இல்லையே தம்பி."

"மழை இருந்துச்சுல்லங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "இதத்தான் மூளை பண்ணுது. காலியா இருக்கற எடத்துல பக்கத்துல கெடைக்கறத எடுத்து வெச்சுருது. நீங்களே அது நெசம்னு நம்பிருவீங்க."

அவன் சுள்ளிமேட்டுத் தோட்டத்தை முழுக்கச் சொன்னான். குளவிக் கூடு, போன், ஏழு நிமிஷம், பையில் இருந்த கட்டைகள். வேறு யாரிடமும் சொல்லாததை அந்த மேஜைக்கு முன்னால் சொன்னான். சொல்லிவிட்டு, "ஸ்கேன் கீன் எடுத்து, ஊசி ஏதாச்சும் போட்டு, அந்த ஏழு நிமிசத்த மட்டும் வெளிய எடுத்துக் குடுங்க மேடம். அவரு கட்டை கேட்டாரா, என்ன சொன்னாரு, அது போதும்" என்றான்.

ஹுமேரா கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார்.

"மூளைக்குள்ள ஒரு சின்ன எடம் இருக்கு. காதுக்கு உள்பக்கமா, ரெண்டு பக்கமும். இப்ப நடக்கறத வாங்கிப் பதிஞ்சு வெக்கறது அதோட வேலை. கஞ்சாவுல இருக்கற சரக்கு நேராப் போய் அங்கதான் உக்காரும். அது உக்காந்திருக்கற நேரத்துல நீங்க நடப்பீங்க, பேசுவீங்க, கை பழகின வேலையச் செய்யும். ஆனா பதிவு ஆகாது. உங்க பழைய போரெல்லாம் இன்னும் இருக்கறதுக்குக் காரணம், அது அப்பவே பதிஞ்சுருச்சு. ஒரு விஷயத்த மனசுல புடிச்சு வெச்சுட்டு வேலை செய்யச் சொல்லி ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்காங்க. ரொம்ப நாள் அதிகமாப் புகைச்சவங்களுக்கு அந்த நேரத்துல எரிய வேண்டிய பகுதி மங்கலாத்தான் எரியுது."

"அப்ப என்னுது?"

"நிறுத்துனா நெறையத் திரும்பும். மாசக்கணக்குல. சின்ன வயசுல ஆரம்பிச்சிருக்கீங்க, அதனால எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா அந்த ஏழு நிமிஷம் வராது. அத நீங்க மறக்கல தம்பி. எழுதவே இல்ல. எழுதாத பக்கத்த எந்த டாக்டர் படிச்சுச் சொல்றது?"

அன்றோடு நிறுத்தினான். முதல் வாரம் சோறு இறங்கவில்லை, வியர்த்துக் கொட்டியது, கண்டதற்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுந்தான். மூன்றாவது வாரம் ஹுமேரா புதிதாகச் சொன்ன ஐந்து வார்த்தைகளில் மூன்று நின்றன, குடை எதுவும் வரவில்லை. ஆறாவது வாரம் நாலு நின்றன. கடையில் செங்கோட்டையன் குரல் கொடுத்தால், தெரிந்தால் சொன்னான், தெரியாவிட்டால், "தெரியலீங்ணா" என்றான். அந்தத் 'தெரியலீங்ணா'வை முதல் தடவை கேட்டபோது செங்கோட்டையன் துண்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்தார். தோட்டத்துக்காரர்கள் இப்போது அவனுக்காகக் காத்து நிற்பதில்லை. ஒரு பெரியவர், "என்னடா, உனக்கும் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவைக் கூப்பிட்ட அதே 'டா'.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பனியனில் சுற்றியிருந்த கட்டைகளை எடுத்துக்கொண்டு வெங்கடலட்சுமி வீட்டுக்குப் போனான். நிறுத்தி ஐம்பத்து மூன்று நாள். வீட்டுக்குள் கொடி கட்டி ஈரத் துணி காயப் போட்டிருந்தது. இனியா மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க தம்பி. தலையத் தொவட்டுங்க."

அவன் உட்காரவில்லை. பனியனைப் பிரித்து மூன்றையும் தரையில் வைத்தான்.

"இது அவரு சட்டைப் பையில இருந்துதுங்க்கா. நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

வெங்கடலட்சுமி ஒன்றை எடுத்தாள். கரியைக் கட்டை விரலால் தேய்த்தாள். காயில் வேலை செய்கிற கைக்கு, அது வேலைக்கு ஆகாத கட்டை என்று உடனே தெரிந்துவிட்டது.

"இது அங்கத்த கட்டை இல்லீங்களே."

"இல்லீங்க்கா. மொத நாளு வேற எடத்துல கழட்டுன பழசு. என்ற பையில கெடந்துது. நான் அன்னைக்குக் காலைலயே கஞ்சா அடிச்சிருந்தேன். பெட்டியில இருக்கறதப் புடுங்காம, இதக் கொண்டாந்து அவரு கையில குடுத்திருக்கேன். குடுத்தது எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நான் குடுக்காம அது அவரு பைக்குள்ள போயிருக்காது. நாளைக்கு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிப்போடறேன். கடையிலயும் சொல்றேன். மொதல்ல உங்ககிட்டச் சொல்லோணும்னு வந்தேன்."

மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. வெங்கடலட்சுமி மூன்று கட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு கேட்டிருக்காரு."

"கேட்டிருக்காருங்க்கா."

"கேட்டு, வாங்கி, பையில போட்டுட்டுத்தான் கை வெச்சிருக்காரு."

"ஆமாங்க்கா."

"அஞ்சு மாசம்" என்றாள். குரல் உயரவில்லை. "அஞ்சு மாசமா அந்த மனுசன ஊரே அஜாக்கிரதைக்காரன்னு சொல்லுச்சு. நீங்க அதச் சும்மா கேட்டுட்டு இருந்தீங்க. நானும் அவரைத் திட்டிப்போட்டேன் தம்பி. இந்தப் படத்துக்கு முன்னால நின்னு, எங்கள நடுத்தெருவுல உட்டுட்டியேன்னு திட்டுனேன்."

இந்தத் தடவை காலி இடத்தில் அவன் எதையும் எடுத்து வைக்கவில்லை.

"கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தே கேட்டாள்.

"தெரியாதுங்க்கா. எனக்குள்ள அது இல்லவே இல்ல. இனி வரவும் வராதாம். நான் சொன்னதெல்லாம் நானாக் கட்டுனது. சைக்கிளு, பழனி, பாட்டு, தக்காளிச் சோறு. நாலு தடவ வந்து நாலு பொய்யிச் சொல்லிப்போட்டேன்."

இனியா அட்டை போட்ட நோட்டை மூடி வைத்தாள்.

"அஞ்சுங்க மாமா" என்றாள். "ஆடிப் பதினெட்டன்னைக்குப் பொழுதோட வந்தீங்க. அப்பா கடைசியா அம்மா பேரச் சொல்லிக் கூப்புட்டாருன்னு சொன்னீங்க. அம்மா அத ஒண்ணத்தான் நம்புச்சு."